சீனியர் கால்

கார் யார் பெயரில் இருக்கிறதோ அவர் அதை ஓட்டக்கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலாவது எழுதியிருக்கிறதா? வெள்ளைச்சாமியிடம் மட்டும் அப்படி ஒரு சட்டம் இருந்தது. எழுதியதும் அவனே, அமல்படுத்தியதும் அவனே.

ஆர்.சி. புத்தகத்தில் இருந்த பெயர் தமயந்தி. வெள்ளைச்சாமியின் மனைவி; பிரசவ வார்டில் பதினோரு வருஷமாக நர்ஸ். அந்த வார்டின் டாக்டரம்மா ரிட்டையர் ஆகிக் குன்னூருக்குக் கிளம்பியபோது, தன் காரைத் தமயந்தியின் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். எண்பத்திரண்டாம் வருஷம், பொங்கல் கழிந்த வாரம். சீமையில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, துணிக் கூரை, பச்சை நிறம். தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும். குவார்ட்டர்ஸ் பிளாக்கின் பிள்ளைகள் அதைத் தவளை என்று கூப்பிட்டார்கள்.

தவளை வீட்டு வாசலுக்கு வந்த அன்றே வெள்ளைச்சாமி சாவியைத் தன் கொத்தில் கோத்துக்கொண்டான். மறுநாளிலிருந்து ஷிஃப்ட் முடிந்ததும் கூட்டாளிகளில் ஒருவனை ஏற்றிக்கொண்டு வடலூர், குறிஞ்சிப்பாடி, நெல்லிக்குப்பம் என்று ஒரே சவாரி. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பவனுக்குக் கை வலிக்குமா என்ன?

தமயந்தி ஒன்றும் கார் ஓட்டத் தெரியாதவள் இல்லை. டாக்டரம்மாவுக்கு இடது முழங்கால் மோசம். கடைசி இரண்டு வருஷம், ஆஸ்பத்திரிக் காம்பவுண்டுக்குள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து, தமயந்தியை ஓட்டவைத்திருந்தார். அந்த முழங்காலுக்காகவே கிளட்ச் பெடலை லேசாக்கியும் வைத்திருந்தார். வேலையைச் செய்தவன் வடக்குத்து கிராமத்துக் கலியன், நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வெல்டர். காருக்கு அடியில், கிளட்ச்சை இழுக்கும் லீவரில் ஏற்கனவே ஓர் ஓட்டை இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று போட்டான். பெடலிலிருந்து வரும் கம்பியின் கவட்டையை மேல் ஓட்டையில் பின் போட்டு மாட்டினால் பெடல் இறுகும், கொஞ்சம் மிதித்தாலே போதும். கீழ் ஓட்டையில் மாட்டினால் லேசாகும், ஆனால் தரைவரை மிதிக்க வேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

வெள்ளைச்சாமிக்கு லேசு பிடிக்கவில்லை. அவன் மைன்ஸில் புல்டோசர் ஆபரேட்டர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு மெஷினை மூன்று ஷிஃப்டில் மூன்று பேர் ஓட்டுவார்கள். மூன்று பேருக்கும் கால் ஒன்றாகவா இருக்கும்? அதனால் மூவரில் யார் சீனியரோ, அவர் காலுக்குத்தான் பெடல் செட்டிங். மற்ற இரண்டு பேரும் அதற்குத் தங்கள் காலைப் பழக்கிக்கொள்ள வேண்டும். ‘சீனியர் கால்’ என்பார்கள். சீனியர் வைத்த நட்டை ஜூனியர் தொட்டால் ஷிஃப்ட் முழுக்கச் சண்டை. வெள்ளைச்சாமி ஆறு வருஷம் இன்னொருவன் காலுக்கு ஓட்டி, இடுப்பு பிடித்துப்போய், பிறகுதான் சீனியர் ஆனான். ஆனவன் அந்தப் பதவியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டான்.

"வண்டின்னா காலுக்குத் தெரியணும். இதென்ன, பஞ்சுத் தலகாணிய மிதிக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லி, பின்னை மேல் ஓட்டைக்கு மாற்றினான். போதாது என்று மைன்ஸ் ஸ்கிராப்பில் கிடந்த ஒரு ஸ்பிரிங்கையும் சேர்த்து மாட்டினான். கால்களில் சேஃப்டி பூட்ஸ் போட்டுக்கொண்டே மிதித்துப் பார்த்து, "இப்பத்தான்யா வண்டி" என்றான்.

தமயந்தி ஒருநாள் மிதித்துப் பார்த்தாள். அம்மிக்கல்லைக் காலால் தள்ளுவதுபோல் இருந்தது. பாதி இறங்குவதற்குள் தொடை நடுங்கியது.

இத்தனைக்கும் அவளுக்குக் கார் பைத்தியம் எதுவும் இல்லை. இரண்டு மாதம் கழித்துக் குறிஞ்சிப்பாடியில் ஒரு பிரசவ விடுதிக்குப் பொறுப்பு நர்ஸாக அவளைக் கூப்பிட்டிருக்காவிட்டால், போகட்டும் சனியன் என்று விட்டிருப்பாள். பொறுப்பு நர்ஸ்! பதினோரு வருஷம் மற்றவர்கள் சொன்னதைச் செய்துகொண்டிருந்தவளுக்கு, இனி அவள் சொன்னதை மற்றவர்கள் செய்ய ஓர் இடம். ஒரே சிக்கல், ட்யூட்டி முடியும்போது கடைசி பஸ் போயிருக்கும். கூப்பிட்டால் எந்நேரமும் போக வேண்டும். இதற்காகவே வேறு இரண்டு நர்ஸுகள் அந்த வேலையே வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். வண்டி இருந்தால் வரலாம், திங்கட்கிழமை சேர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று கடிதம் தெளிவாகச் சொன்னது.

"பஸ் இல்லாத ஊருக்கு எப்பிடிப் போவ?" என்றான் வெள்ளைச்சாமி.

"என்கிட்ட கார் இருக்கு."

"லைசென்ஸ் இருக்கா?"

அவள் எல்.எல்.ஆர். எடுத்தாள். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, பிரேக் இன்ஸ்பெக்டர் கேம்ப் போட்டு லைசென்ஸ் டெஸ்ட் வைக்கிறார் என்று தெரிந்தது. அவர்கள் பிளாக்குக்கு எதிரே இருந்த மைதானத்தில்தான். சனிக்கிழமை டெஸ்ட், திங்கட்கிழமை வேலை. பெருமாள் பார்த்துப் போட்ட கணக்குபோல் இருந்தது.

வெள்ளைச்சாமிக்கு மறுக்கக் காரணம் தீர்ந்துவிட்டது. காரணம் தீர்ந்த மனுஷன் என்ன செய்வான்? சிரித்தான். "ஓட்டு தாயி. யாரு வேணாங்குறா? பெடலை மிதிச்சு ஓட்டிக்க" என்றான்.

அவள் கலியனைக் கூப்பிட்டுப் பின்னைக் கீழ் ஓட்டைக்கு மாற்றி, அந்த ஸ்கிராப் ஸ்பிரிங்கையும் கழற்றி எறிந்தாள். வெள்ளைச்சாமி மறுநாள் சாயங்காலம் வண்டியை எடுத்தான். பூட்ஸ் கால் பழைய பலத்தோடு மிதித்து, பழைய அளவில் விட்டது. வண்டி ஒரு குதி குதித்து வேலியில் போய் நின்றது. கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாணிக்கம்மாள், "ஏன் தம்பி, தவளன்னா தத்தத்தானே செய்யும்?" என்று கேட்டுவிட்டாள். வந்தது வினை.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு வெள்ளைச்சாமி முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது, கேட்காமலே சாவியை எடுத்து மேஜையில் வைத்தான். "இந்தா. டெஸ்டுக்குப் போறியே" என்றான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு தமயந்திக்குச் சரியாகப் படவில்லை.

அவன் ஏறிய ஷிஃப்ட் பஸ் போன சத்தம் கேட்டதும் போய்ப் பெடலை மிதித்தாள். அம்மிக்கல். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். பின் மேல் ஓட்டையில் இருந்தது. இருந்தது மட்டுமா? லீவரோடு சேர்த்து வெல்டு வைத்திருந்தது. பற்ற வைத்த இடம் புதுசாக மினுங்கியது.

அவள் அழவில்லை. அழுகை வரத்தான் செய்தது. அதை அப்படியே ஆத்திரமாக மாற்றிக்கொண்டாள். நர்ஸுகளுக்கு அது கைவந்த கலை.

ஆறரை மணிக்குக் கலியன் சைக்கிளில் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போவான். வேலியோரம் நின்று மறித்தாள்.

"கலியன், இந்த வெல்டு யார் வச்சது?"

கலியன் சைக்கிளை விட்டு இறங்கவும் இல்லை, போகவும் இல்லை. "நாந்தாம்மா" என்றான். "நேத்து சாயங்காலம் சார் வண்டிய ஷெட்டாண்ட கொண்டாந்துட்டாருங்க. நான் இன்னா பண்றது? பர்மனென்ட் ஆக்கற லிஸ்ட்டுக்கு என் பேரு போவுது. சார் யூனியன்ல ஒரு வார்த்த சொன்னாத்தான் உண்டு. அதான் வச்சிக் குடுத்துட்டேன்."

அவன் மூன்று பிள்ளைகளும் தமயந்தியின் கையில்தான் பிறந்தன. அதைச் சொல்லிக்காட்ட நாக்கு நுனிவரை வந்தது. சீ என்று அடக்கிக்கொண்டாள். சொல்லிக்காட்டி வேலை வாங்கினால் அவளுக்கும் வெள்ளைச்சாமிக்கும் என்ன வித்தியாசம்?

"நீங்க வண்டியத் தொட வேணாம்" என்றாள். "ரம்பம் குடுங்க, ஒரு பின் குடுங்க. நான் அறுக்கிறேன். எங்க அறுக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

"நீங்களா? ஐயோ நர்ஸம்மா, கை கிழிஞ்சிடுங்க!"

"கிழிஞ்சா தைக்கத் தெரியும்."

கலியன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். பைக்குள்ளிருந்து இரும்பறுக்கும் ரம்பத்தையும் ஒரு புதுப் பின்னையும் எடுத்து வேலிக்கு உள்ளே போட்டான். பிறகு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, நன்றாக இருந்த செயினைக் கழற்றிவிட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

தமயந்தி பழைய சேலையை இழுத்துச் செருகினாள். ஜாக்கியில் தூக்கி, செங்கல் அடுக்கி, சாக்கை விரித்து அடியில் நுழைந்தாள். தவளைக்குக் கீழே ஓர் ஆள் புகுவதே பெரும்பாடு. மூக்குக்கு ஒரு சாண் மேலே எண்ணெய்ப் பிசுக்கு.

"கவட்டைக்கும் லீவருக்கும் நடுவுல ஒரு சந்து தெரியுதுங்களா? அதுல பிளேடு வுடணும்" என்றான் கலியன், சைக்கிளிடம். "ரெண்டு பக்கமும் அறுத்தா கவட்டை தானா கழண்டுடும். லீவர்ல பட்டுடக் கூடாது. பட்டுச்சினா போச்சி."

அறுத்தாள். அறுப்பதாவது! பிளேடு வழுக்கியது, எகிறியது, ஓர் இழுப்புக்கு ஒரு மயிரிழை இறங்கியது. இரும்புத்தூள் கண்ணில் விழுந்தது. ஒரு பக்கம் அறுவதற்குள் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம் கிளம்பி, ஒன்று உடைந்தும் போனது. வெளியே மாணிக்கம்மாள் வந்து நின்று, "இன்னாடி இது, அடியில யாருக்குப் பிரசவம்?" என்றாள். விஷயம் தெரிந்ததும் போய் ஒரு சொம்பு மோரோடு திரும்பி வந்தாள். பிளாக்கில் இன்னும் நாலு பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள்.

தெருவில் போகிற ஆண்கள், "என்ன கலியா, செயினா?" என்று கேட்டார்கள். "ஆமாங்க, பேஜாரா கீது" என்றான். அன்றைக்கு அந்தச் செயின் ஐந்து தடவை கழன்றது. ஒரு நாள் கூலி போய்விடும் என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

எட்டரை மணிக்குக் கவட்டை கழன்று தொங்கியது. அதைக் கீழ் ஓட்டைக்கு நேராக வைத்துப் புதுப் பின்னைச் செருகினாள்.

"இப்பதான் முக்கியமான வேல" என்றான் கலியன். "கம்பியில இருக்கற நட்டத் திருப்பி, ஃப்ரீ பிளே வைக்கணும். பெடல மிதிச்சா மொதல்ல கொஞ்ச தூரம் சும்மா எறங்கணும், அப்பறந்தான் புடிக்கணும். சாரு அத வைக்கவே இல்லீங்க. பூட்ஸ் காலுக்கு அது எங்க தெரியும்? அதான் வண்டி கருகற நாத்தம் வந்துகினு இருந்துச்சி. முக்கா இஞ்சு வுடுங்க."

"இஞ்சு எனக்குத் தெரியாது. விரல் தெரியும். எத்தனை விரல்?"

பிரசவம் பார்க்கிறவர்களுக்கு எல்லா அளவும் விரல்தான். கருப்பை வாய் திறந்துவிட்டதா, எவ்வளவு திறந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு நேரம், எல்லாம் விரலால்தான் கேட்பார்கள், விரலால்தான் சொல்வார்கள். கலியன் தன் கையைப் பார்த்து யோசித்தான். அவன் விரல் வேறு, அவள் விரல் வேறு.

"உங்க வெரலுக்கு ஒன்றர வச்சிக்கங்க" என்றான்.

ஒன்றரை விரல் வைத்தாள். வெறுங்காலால் மிதித்துப் பார்த்தாள். கொஞ்ச தூரம் சும்மா வந்தது. பிறகு பாதத்துக்கு அடியில் ஏதோ ஒன்று மெல்ல எதிர்த்தது. இன்னும் அரைச் சுற்று திருப்பினாள். திரும்ப மிதித்தாள். தரைவரை மிதிக்கக் கால் எட்டவில்லை. ஒரு தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டாள். எட்டியது. கிளட்ச் பிடிக்கிற இடம், விடுகிற இடம் இரண்டும் விரல் நுனியில் தெரிவதுபோல் கால் பெருவிரலில் தெரிந்தன. "அம்மாடி!" என்று வாய்விட்டே சொன்னாள்.

கலியன் செயினை மாட்டிக்கொண்டு எழுந்தான். போகும்போதும் வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. "வரட்டுங்களா" என்று மட்டும் தெருவைப் பார்த்துச் சொன்னான்.

லைசென்ஸ் இல்லாமல் ரோட்டில் ஓட்டிப் போய், அதையே சாக்காக வைத்து இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிவிட்டால்? அந்த வாய்ப்பையும் யாருக்கும் கொடுக்க அவள் தயாராக இல்லை. ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டாள், மாணிக்கம்மாள் தலைமையில் ஐந்து பெண்கள் தவளையை மைதானத்துக்குத் தள்ளினார்கள். வரிசையில் நின்ற ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பல் இருக்கிறவன் சிரிக்கிறான்.

இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டி, "வீட்டுக்காரர் வண்டியா?" என்று கேட்டார்.

"என் வண்டி சார். பேர் போட்டிருக்கே."

அவர் பெயரை ஒரு தரம் படித்துவிட்டு, பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மைதானத்தில் எட்டுப் போடச் சொன்னார், போட்டாள். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார், எடுத்தாள். இத்தோடு விடுவார் என்று பார்த்தால், ரோட்டுக்கு விடச் சொல்லி, கன்வேயர் பெல்ட்டைத் தாண்டிப் போகிற பாலத்து ஏற்றத்தில் நடுப்பாதியில் நிறுத்தச் சொன்னார். பின்னால் ஒரு லாரி வந்து முட்டுவதுபோல் நின்றது.

"இப்ப எடுங்க. ஒரு அடி பின்னால போனாலும் ஃபெயில்" என்றார்.

கட்டுப் போட்ட கை ஸ்டியரிங்கில் எரிந்தது. தமயந்தி காலை மெல்ல, மெல்ல விட்டாள். பெருவிரலில் அந்த இடம் தெரிந்தது. அங்கேயே பிடித்தாள். வண்டி முக்கியது, முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. ஹேண்ட் பிரேக்கை விட்டாள். தவளை ஏறியது. மேல் ஓட்டையில் அந்தப் பின் இருந்திருந்தால், நடுங்குகிற தொடையோடு லாரியின் மடியில் போய் உட்கார்ந்திருப்பாள் என்பது அவளுக்குத் தெரியும். வெள்ளைச்சாமிக்கும் தெரியும். தெரிந்துதானே வெல்டு வைத்தான்! அதை நினைத்தபோதுதான் அவளுக்கு முதல்முறையாகக் கண் கலங்கியது.

"கையில என்ன கட்டு?" என்றார் இன்ஸ்பெக்டர், திரும்பி வந்து கையெழுத்துப் போட்டபடி.

"வண்டி வேலை சார்" என்றாள்.

இரண்டு மணிக்கு முதல் ஷிஃப்ட் விட்டது. மைன்ஸ் கேட்டுக்கு வெளியே வரிசையாக நின்ற ஷிஃப்ட் பஸ்களுக்கு முன்னால் பச்சைத் தவளை நின்றது. கரிப்புழுதியோடு வெளியே வந்த வெள்ளைச்சாமி, கூட்டாளிகளுக்கு நடுவில் அப்படியே நின்றுவிட்டான். அப்புறம் சமாளித்துக்கொண்டு பெரிசாகச் சிரித்தான்.

"என்ன, யாரு தள்ளிக்கிட்டு வந்தா?"

"போகும்போது பிளாக்கே தள்ளிச்சு. பாஸாயிட்டேன். வரும்போது நானே ஓட்டிக்கிட்டு வந்தேன்."

அவன் குனிந்து பெடல் பக்கம் பார்த்தான். முகம் கறுத்தது. "கலியன் பயலா? அவன் பேரு லிஸ்ட்டுல எப்பிடி வருதுன்னு பாக்குறேன்."

"கலியன் தொடல. பிளாக்குல கேட்டுக்குங்க. நான்தான் அறுத்தேன்." கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். "அவர் பேர் லிஸ்ட்டுல வரலைன்னா, ஏன் வரலைன்னு யூனியன் ஆபீஸ்ல வந்து நானே சொல்லுவேன். பொண்டாட்டி கிளட்ச்சுக்கு வெல்டு வச்ச கதையையும் சேர்த்துத்தான் சொல்லணும்."

கூட்டாளி ஒருவன் இருமினான். வெள்ளைச்சாமி கிட்டத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "எல்லாம் பாத்துட்டு நிக்கிறான். எறங்கு, நான் ஓட்டுறேன். நாளைக்கு அதை மறுபடி வைக்கிற விதத்துல வைக்கிறேன்."

"வைங்க" என்றாள் தமயந்தி. அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "நீங்க எத்தனை தடவை வச்சாலும் அத்தனை தடவை அறுப்பேன். எனக்கு அறுக்கத் தெரிஞ்சுபோச்சு. உங்க மெஷின்ல சீனியர் யாரோ அவங்க கால்தானே? இந்த வண்டிய உங்களுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே ஓட்டினவ நான். திங்கக்கிழமை குறிஞ்சிப்பாடி போறேன். இப்ப வீட்டுக்குப் போறேன். வர்றதுன்னா ஏறுங்க."

ஷிஃப்ட் பஸ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கூட்டாளிகள் ஏறிக்கொண்டார்கள்; ஏறியும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வெள்ளைச்சாமி வலது பக்கக் கதவின்மேல் கையை வைத்தபடி நின்றான். கடைசி பஸ்ஸும் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவள் இன்ஜினை அணைக்கவும் இல்லை, நகரவும் இல்லை, அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

அவன் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் இடது கதவைத் திறந்து உட்கார்ந்தான்.

தமயந்தி கிளட்ச்சை மிதித்து கியர் போட்டாள். பக்கத்தில் வெள்ளைச்சாமியின் இடது காலும் தானாக முன்னே போய்த் தகரத் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே பெடல் ஒன்றும் இல்லை. அவன் சட்டென்று காலை இழுத்துக்கொண்டு வெளியே பார்த்தான். இரண்டாவது கியருக்கு மறுபடியும் மிதித்தான். தமயந்தி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மூன்றாவது கியரைப் போட்டாள்.